இலஞ்சி அண்ணாச்சியின் மணிக்கட்டு

தென்காசியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வாசலில் பெயர்ப் பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டு வந்ததில்லை. ரயிலடியில் இறங்கி 'ரேடியோ ஆஸ்பத்திரி' என்றால்தான் குதிரை வண்டிக்காரர் தலையாட்டுவார். எங்கள் டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மெஷின்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு அச்சன்புதூரில் அப்பா வீட்டில் இருந்தேன். அக்காவைத் தென்காசியில் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு நாள் அத்தான் வந்து, "எங்க தெருவுல புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காரு. எலும்பு, மூட்டு எல்லாம் பாக்காரு. நர்ஸ் வேணும்னு சொல்லுதாரு" என்றார். டாக்டருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. ஆகி, இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றதும் என் டிரங்குப் பெட்டியை அவரே தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்.

மெஷின் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ரேடியோ மாதிரி ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முன்பக்கம் இரண்டு திருகு, ஒரு முள், நிமிஷத்தைக் காட்டும் சின்னக் கடிகாரம். பக்கவாட்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வரும். அதன் நுனியில் கைப்பிடி போட்ட வட்டமான உலோகத் தலை. அதை நோயாளியின் உடம்பில் வைத்து மெதுவாக வட்டம் போட வேண்டும். அதுதான் என் வேலை.

"காதுக்குக் கேட்காத சத்தம் இதுக்குள்ள இருந்து வருது" என்று டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "அடிபட்ட மூட்டுக்குள்ள போயி லேசாச் சூடு குடுக்கும். வீக்கம் வடிய, இறுக்கம் தளர ஒத்தாசை பண்ணும். ஆனா ஒரே எடத்துல நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா எலும்புல சுருக்குன்னு குத்தும். இன்னொண்ணு, இந்தச் சத்தம் காத்துக்குள்ள போகாது. தலைக்கும் தோலுக்கும் நடுவுல எண்ணெயோ தண்ணியோ இருக்கணும்."

முதல் இரண்டு வாரம் என் முழங்காலிலேயே எண்ணெயைத் தடவி நானே பழகினேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, வலி இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை என்றால் வருகிறவர்களுக்கு எப்படி வரும்? பலர் காதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். வலிக்காத வைத்தியத்துக்கு எதற்கு இத்தனை தூரம் வந்தோம் என்பது போல என்னைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்று டாக்டர் ஒரு வித்தை வைத்திருந்தார். உலோகத் தலையை மேல்நோக்கிப் பிடித்து, அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரே நொடி திருகைத் திருப்புவார். தண்ணீர் துள்ளிக் குதித்து, புகை மாதிரிப் பறக்கும். "பாத்தீங்களா, சாரல்!" என்பார். குற்றாலத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மெஷினுக்கு ஒரே எதிரி, அடுத்த தெரு அரிசி மில். மில் ஓடினால் கரண்ட் குறைந்து எங்கள் முள் படுத்துவிடும். அதனால் மில்காரர்கள் சாப்பிடப் போகும் மத்தியான நேரம்தான் எங்களுக்குச் சுறுசுறுப்பான நேரம். மில் சத்தம் நின்றதும் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள்.

அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில், நல்ல சாரல் நாளில், ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். வலது கையில் முழங்கை வரை பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள். கூட வந்தவர் நல்ல ஆகிருதி. எண்ணெய் ஊறி மினுமினுக்கும் தோல், அகலமான தோள். அவருடைய வலது மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் துணி, கோயில் காப்பு மாதிரி. தோளில் கிடந்த துண்டு அந்தக் கையை முக்கால்வாசி மூடியிருந்தது.

"யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்மா. மணிக்கட்டு மொழி பெசகிட்டு. இலஞ்சியில இருந்து வருதோம்" என்று அந்த அம்மாள் பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

முறை வந்ததும் இருவரும் உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்தியதும் அந்த அம்மாள் தன் கட்டை மளமளவென்று அவிழ்த்துப் போட்டாள். உள்ளே இருந்த கை என் கையைவிட நன்றாக இருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா வலி?" என்றார்.

"எனக்கில்ல அய்யா, இவுகளுக்கு" என்றாள்.

அவர் மஞ்சள் துணியை அவிழ்த்து வலது கையை மேஜைமேல் வைத்தார். மணிக்கட்டு உருண்டு திரண்டு வீங்கியிருந்தது. பெருவிரலை மடக்கச் சொன்னால் பாதியில் நின்றது.

அவர் குற்றாலம் பெரிய அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். சீசனுக்கு வருகிறவர்கள் கோவணமோ சின்னத் துண்டோ கட்டிக்கொண்டு பாறையில் உட்கார, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, பிடித்து, நீவி, அருவிக்கு அனுப்புகிற வேலை. அவரிடம்தான் தேய்த்துக்கொள்வோம் என்று காத்திருக்கிற வியாபாரிகள் மதுரை வரைக்கும் இருந்தார்கள். சீசன் ஆரம்பித்த நாலாம் நாள், கனத்த உடம்புக்காரர் ஒருவர் எண்ணெய் வழிய எழுந்து நின்றவர் வழுக்கியிருக்கிறார். இவர் தாவிப் பிடித்தார். விழுந்தவருக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய முழுப் பாரமும் இவருடைய மணிக்கட்டில் இறங்கிவிட்டது. நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு, உளுந்தமாவு போட்டுப் பத்து நாள் கட்டியதில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. வீக்கம் அப்படியே இருந்தது.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேஷம்?" என்றார் டாக்டர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது அவர் மனைவி. "ஊருல உள்ளவன் கை காலையெல்லாம் இவுக சரி பண்ணுதாக. இவுக கை வெளங்கலன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் அய்யா முதுகக் காட்டுவான்? அருவிக்கரையில கேட்டவுகளுக்கு, இலஞ்சி முருகனுக்கு நேர்ந்து காப்புக் கட்டியிருக்கேன், ஆடிக் கிருத்திகை வரைக்கும் எண்ணெயத் தொட மாட்டேன்னு சொல்லிட்டாக. இங்கன வாரதுக்குத்தான் என் கைக்குக் கட்டு."

டாக்டர் சிரித்துவிட்டார். எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்லிப் பார்த்ததில் எலும்பில் ஒன்றுமில்லை. மூட்டைச் சுற்றியுள்ள நார்களில் அடி, அதனால் அழற்சி. பன்னிரண்டு தடவை மெஷின் வைப்பது, நடுநடுவே கைக்கு ஓய்வு என்று தீர்மானமாயிற்று. ரிஜிஸ்டரில் அவர் பெயரைத்தான் எழுதினோம். கூப்பிடும்போது மட்டும் 'இலஞ்சி அம்மா' என்று நான் கூப்பிடுவேன். டாக்டர் ஒத்துக்கொண்டது அவ்வளவுதான்.

மணிக்கட்டு மேடும் பள்ளமுமான இடம். உலோகத் தலை சரியாகப் படியாது. அதனால் கையைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். எனாமல் தொட்டியில் கொதிக்கவைத்து ஆற்றிய வெதுவெதுப்பான தண்ணீர். அதில் அவர் கை. கையைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நான் தலையை வட்டமாக நகர்த்துவேன்.

"எண்ணெய் இல்லையா?" என்று முதல் நாள் கேட்டார்.

"தண்ணியே போதும் அண்ணாச்சி."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப முருகங்கிட்ட நான் பொய் சொன்னதா ஆகாது பாத்துக்கோ" என்றார். பொய்க் காப்புக்காக அவர் உள்ளுக்குள் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் ஒரு தூக்குவாளியோடு வந்தார். "அருவித் தண்ணி. மூலிகையெல்லாம் கலந்து வருது. இதுல வச்சா இன்னும் நல்லதுல்லா?"

டாக்டர் தூக்கை வாங்கிப் பார்த்து, "அம்புட்டு உசரத்துல இருந்து விழுந்து நுரைச்ச தண்ணி. இதுல காத்துல்லா நெறைய இருக்கு. நம்ம மெஷினுக்குக் காத்து ஆகாது" என்றார். குற்றாலத் தண்ணீரை ஒருவர் வேண்டாம் என்று சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகிறவரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக மறுநாள் அவர் மனைவி சொன்னாள்.

என் வேலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்ன யம்மா, தொடாமத் தொடாமச் சுத்துதே? பிடின்னா ஒரு அழுத்தம் வேண்டாமா? எங்கை மட்டும் நல்லா இருந்தா இந்நேரம் நானே எங்கையச் சரி பண்ணியிருப்பேன்" என்பார். சொன்னபிறகு அதில் உள்ள சிக்கல் அவருக்கே புரிந்து சிரிப்பார்.

மூன்றாம் நாள் ஒரு தப்பு நடந்தது. நான் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலறியபடி வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. இரண்டு நொடிதான் இருக்கும். "யாத்தே!" என்று அவர் கையை உருவிக்கொண்டார். தண்ணீர் என் புடவையெல்லாம் தெறித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரிடம் என்ன சொல்வது, எலும்பைச் சுட்டுவிட்டேனோ என்று பயந்து திருகை மூடினேன்.

அவரோ மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஏட்டி, உள்ள என்னமோ இருக்குட்டி!" என்று மனைவியிடம் சொன்னார். "சும்மா இல்ல. நேரா எலும்புல வந்து சுருக்குங்கு!"

வலித்ததும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கையைச் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு வாசலில் யானையே வந்தாலும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

தினமும் தையல்காரர் டேப்பால் மணிக்கட்டின் சுற்றளவை அளந்து எழுதுவேன். இடது கையையும் அளப்பேன், ஒப்பிட. ஐந்தாம் நாள்வரை நூல் நூலாகக் குறைந்தது. அளக்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பையே பார்ப்பார். ஒரு நாள் மனைவி வெளியே பெஞ்சில் யாரிடமோ தன் கை வலியைப் பற்றி விவரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டரும் அறையில் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "யம்மா, ஒளிக்காமச் சொல்லு. பழைய கை வந்துருமா?" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி. கொறஞ்சிருக்கு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

தலையாட்டினார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, பாத்துக்கோ. ஒரு முதுகத் தொட்டா அந்த ஆளு எங்கன நொந்துபோயிருக்காம்னு எங்கை சொல்லிரும். அது இப்ப ஊமையாக் கெடக்கு" என்றார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

ஆறாம் நாள் அளவு குறையவில்லை. ஏழாம் நாள் கூடியிருந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். "கைக்கு ஓய்வு குடுக்கீங்களா?" என்று கேட்டார். புருஷனும் பெண்சாதியும் ஒரே குரலில் "குடுக்கோம்" என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் திருகைக் கூட்டிக் குறைத்து மறுபடியும் தப்புச் செய்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டுத் தெரு வழியாகப் பஸ்ஸுக்கு நடந்து வந்தோம். தெருக்கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். நடுவில் எங்கள் அண்ணாச்சி! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பொஞ்சாதிக்குக் கை முடியலன்னு எந்த ஆம்பளை வந்து தண்ணி எறைப்பான்? அந்தப் பிள்ள குடுத்து வச்சவ" என்று ஒரு பெண் சொன்னாள்.

"எங்கூட்டுல இருக்காரே, தவிச்ச வாய்க்குத் தானா எந்திரிச்சு மொண்டு குடிக்க மாட்டாரு" என்றாள் இன்னொருத்தி.

அவர் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, புகழ்ச்சிக்குச் சிரித்துக்கொண்டு, இன்னொரு வாளி இறைத்தார். அதை அடுத்த வீட்டுப் பெண்ணின் குடத்தில் வேறு ஊற்றினார். எதிர்வீட்டு வாசலில் அவர் மனைவி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நலம் விசாரிக்க வந்தவர்கள். யாரோ கொண்டுவந்த முறுக்கை இடது கையால் தின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. வாளி தொம்மென்று கிணற்றுக்குள் போயிற்று.

நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அக்கா "யாருட்டி அது?" என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு வாரவுக" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் சிரிப்பு வந்தது. தென்காசி வரைக்கும் அடக்க முடியவில்லை. அக்கா என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருவரும் உள்ளே வந்ததும், "உக்காருங்க" என்றார். "யார் தண்ணி எறைக்கது?"

அண்ணாச்சி துண்டை இழுத்து மணிக்கட்டை மறைத்தார்.

"அரிசி இடிக்கது யாரு?"

"இவுகதான்" என்றாள் அந்த அம்மாள், மெல்ல. "நான் செஞ்சா ஊரு பாக்கும்ல அய்யா? கட்டுப் போட்ட கையோட எப்படி ஒலக்கையப் பிடிக்க?"

"விறகு?"

"அதுவும்..."

"நாங்க இங்கன எட்டு நிமிஷம் மெஷின் வைக்கோம். நீங்க அங்கன எட்டு மணி நேரம் அந்தக் கையப் போட்டுக் கொல்லுதீங்க. இந்த மெஷின் வீக்கத்துக்குத்தான் அண்ணாச்சி. பொய்க்கெல்லாம் எங்கிட்ட மெஷின் கெடையாது. நாளையில இருந்து கட்டு யார் கையில இருக்கணுமோ அந்தக் கையில இருக்கட்டும். இல்லன்னா வர வேண்டாம்."

அன்றைக்கு மெஷின் வைக்கவில்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. நான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஓடியது. ஆனால் சொல்லாமல் இருந்தால் கை போயிருக்குமே.

மறுநாள் மத்தியானம். மில் இன்னும் நிற்கவில்லை. பெஞ்சில் ஆறேழு பேர். அதில் ஒருவர் வீரகேரளம்புதூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி. முழங்கால் வலிக்கு வந்துகொண்டிருந்தார். இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கையில் கட்டு அப்படியே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

முதலாளி அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "என்னவே! காப்புக் கட்டியிருக்கீருன்னு சொன்னாவ. இங்கன என்ன பண்ணுதீரு?"

அண்ணாச்சி மஞ்சள் துணியைத் தடவினார். என்ன பொய் வரப்போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் கட்டைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்த துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கையை எல்லாருக்கும் தெரியும்படி ஆட்டிக் காட்டினாள்.

"கை எனக்கில்ல முதலாளி. இவுகளுக்குத்தான். அருவிக்கரையில ஒருத்தரு வழுக்கி விழப் பாத்தாரு. இவுக தாங்கிப் பிடிச்சதுல மணிக்கட்டு பெசகிட்டு. வெளிய தெரிஞ்சாக் கேவலம்னு நாங்கதான் மறைச்சோம்" என்றாள்.

அண்ணாச்சி மஞ்சள் துணியை அவிழ்த்தார். வீங்கிய மணிக்கட்டைப் பெஞ்சில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கோபமாகத்தான் பேசினார். "ஏன்வே, உமக்குக் கொஞ்சமாவது இருக்கா? காப்பு அவுக்கட்டும், காப்பு அவுக்கட்டும்னு மூணு வாரமா நான் எண்ணெய் தேய்க்காமக் காத்துக் கெடக்கேன். பொறுக்க முடியாம முந்தாநாள் வேற ஒருத்தன்ட்டப் போனேன். அவன் புடிச்ச புடியில கழுத்தத் திருப்ப முடியல. இந்தா பாரும்!" என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினார். பாதிதான் திரும்பியது. "முன்னமே சொல்லித் தொலைச்சிருந்தா எங்கழுத்தாவது தப்பிச்சிருக்கும்."

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. அண்ணாச்சியும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. அந்தச் சமயம் பார்த்து மில் நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். "மொதல்ல அவரப் பாரும்மா" என்றார் முதலாளி என்னிடம். "அவரு கை சரியானாத்தான் எனக்குக் கழுத்து."

அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. கை அசையாதபடி ஒரு பலகைப் பட்டையில் வைத்துக் கட்டி அனுப்பினோம். தண்ணீரை அந்த அம்மாள் இறைத்தாள். கிணற்றடியில் உள்ளவர்கள் நாலு நாள் கேலி செய்தார்களாம். "சொல்லிட்டுப் போறாளுவ. பத்து நாள் நான் ராணி மாதிரி இருந்தேம்லா" என்று என்னிடம் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னாள். அருவிக்கரையில் அவருக்கு 'ரேடியோ அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை அவர் மறுக்கவில்லை. மெஷின் தலையில் தண்ணீர் துள்ளுவதைப் பற்றி அவர் அங்கே கதைகதையாகச் சொல்லி, அதைப் பார்ப்பதற்கென்றே வலி இல்லாதவர்கள் எல்லாம் வர ஆரம்பித்து, அவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்குத் தனி வேலையாகப் போயிற்று.

பன்னிரண்டோடு நிற்கவில்லை, பதினைந்து தடவை வைத்தோம். கடைசி நாள் இரண்டு மணிக்கட்டின் அளவும் ஏறக்குறைய ஒன்று. பெருவிரல் முழுக்க மடங்கியது. அவர் அதை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் மடக்கிக் காட்டினார். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. முருகனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தீருவேன் என்று அந்த நாலு நாளும் எண்ணெயைத் தொடவில்லை.

கிருத்திகைக்கு மறுநாள் காலையில் டாக்டர், தம் சம்சாரத்தையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, என்னையும் கூப்பிட்டார். "வா, டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்றார். குற்றாலத்தில் இறங்கி, பிள்ளைகளுக்கு ரம்புட்டான் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கம் போகும் வழியில் நாங்கள் நின்றோம். டாக்டர் மூக்குக் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு பாறையில் போய் உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் கூச்சமாகவும் இருந்தது.

அண்ணாச்சி இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். பெருவிரலை ஒரு தடவை மடக்கி நீட்டினார். பயந்தது மாதிரி இருந்தது. அப்புறம் டாக்டரின் தோளில் கையை வைத்தார். மெதுவாக ஆரம்பித்து, முதுகுத் தண்டு வழியாக இறங்கி, மறுபடியும் மேலே வந்து, ஒரு இடத்தில் பெருவிரல் நின்றது. ஒரு அழுத்து.

"அய்யோ!" என்று டாக்டர் கத்தியது அருவிச் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

"டாக்டரய்யா ராத்திரியெல்லாம் குனிஞ்சுக்கிட்டே படிக்கேளோ?" என்று அண்ணாச்சி சந்தோஷமாகக் கேட்டார். "வலது பக்கம் முடிச்சு விழுந்து கெடக்கு!"

அவர் கை பேச ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. டாக்டரின் சம்சாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வரும்போது காரில் டாக்டரிடம் கேட்டேன். "அவருக்குச் சரியானது மெஷினாலயா, கைக்கு ஓய்வு குடுத்ததாலயா?"

டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். வேறு யாராக இருந்தாலும் மெஷினால்தான் என்று சொல்லியிருப்பார்கள். "தெரியல" என்றார். "ரெண்டும் சேந்துதான்னு நெனைக்கேன். எவ்வளவு இது, எவ்வளவு அதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான் அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷம், என் கல்யாணம் வரைக்கும் வேலை பார்த்தேன். முழங்கால், தோள், கணுக்கால் என்று எத்தனையோ பேருக்கு வட்டம் போட்டிருக்கிறேன். சிலருக்கு வலி விட்டது, சிலருக்கு விடவில்லை. வந்தவர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்டுவிடுவேன், "வீட்டுல தண்ணி எறைக்கது யாரு?" என்று.